ஞாயிற்றுக்கிழமையில் வைத்த ஆட்டம்

எங்கள் ரக்பி சங்கத்தில் எதிரணி தேடிக் கொடுப்பதற்கு இப்போது ஒரு மென்பொருள் வந்துவிட்டதாம். எந்த நாடு, எந்த வாரம், எந்த மைதானம் என்று கேட்டால் மூன்று விநாடியில் பட்டியல் நீட்டுகிறதாம். எனக்குப் பின்னால் டூர் பிரிவுக்கு வந்திருக்கும் பிள்ளைகள் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, "நீங்கள்லாம் எப்படித்தான் பண்ணீங்க காதர் சார்? கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். நேரில் கேட்டிருந்தால் டீ வாங்கப் போகிறேன் என்று எழுந்து போயிருப்பேன். எனக்குப் பேச்சு வராது. எழுத்தில் கேட்டதால் மாட்டிக்கொண்டேன்.

சொந்த ஊர் கோவளம். பன்னிரண்டாவது முடித்ததும் கேளம்பாக்கத்தில் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கற்றது இரண்டே விஷயம். உலகத்தில் வேறு எந்த ஊரிலும் நம் ஊர் நேரம் கிடையாது. எந்த விமானமும் பயணி நினைக்கிற நாளில் போய் இறங்காது. ரக்பி சங்கத்துக்கு இந்தப் படிப்பு போதுமாக இருந்தது. அதுவரை நான் ரக்பி பார்த்ததில்லை. சேர்ந்த பிறகும் ஆறு மாதம் பார்க்கவில்லை. யாரும் பார்க்கச் சொல்லவுமில்லை.

சங்கத்தின் தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தது. டூர் பிரிவு மட்டும் கேளம்பாக்கத்தில், ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில். காரணம், அந்த அறையை ஒரு நிர்வாகி சும்மா கொடுத்தார். தேசிய விளையாட்டுக் கொள்கை பல இடங்களில் இப்படித்தான் முடிவாகிறது. பன்னிரண்டு மணிக்குக் கீழே தம் உடைக்கும் வாசனை மேலே வரும். அதற்குப் பிறகு எந்த நாட்டுக்கும் கடுமையாகக் கடிதம் எழுத முடியாது. அதனால் கண்டிப்பான கடிதங்களைப் பதினொன்றரைக்குள் முடித்துவிடுவோம்.

ஊரில் என்னைப் பார்த்தால், "இன்னா பாய், முட்டப் பந்து ஆபீஸு எப்பிடி போவுது?" என்பார்கள். "போகுது" என்பேன். அதற்கு மேல் விளக்கியதில்லை. இப்போது விளக்குகிறேன்.

ஒரு தேசிய அணிக்கு எதிரணி பிடிப்பது வரன் பார்ப்பது போலத்தான். உலகத் தரவரிசையில் நம்மைவிட ரொம்ப மேலே இருக்கிறவர்கள் நம் கடிதத்துக்குப் பதில் போட மாட்டார்கள். நம்மை அடித்தால் அவர்களுக்கு ஒரு புள்ளியும் ஏறாது. நம்மைவிட ரொம்பக் கீழே இருக்கிறவர்களுக்கு நாம் பதில் போட மாட்டோம். அவர்களிடம் தோற்றால் நம் மானம் போய்விடும். நடுவில் நான்கைந்து நாடுகள் இருக்கும். அவற்றில் ஒன்றுக்குப் பருவம் ஒத்து வராது, ஒன்றுக்கு விசா ஒத்து வராது, ஒன்றின் பழைய செயலாளருக்கும் நம் பழைய செயலாளருக்கும் ஏதோ ஒரு விருந்தில் நடந்த சண்டை ஒத்து வராது. மிச்சம் இருப்பவர்கள்தான் 'பாரம்பரிய எதிரிகள்' என்று பத்திரிகைக் குறிப்பில் வருவார்கள்.

இழுபறியில் இருக்கும் நாடுகளை வரவழைக்க என்னிடம் ஒரே ஆயுதம் இருந்தது. கடிதத்தின் இரண்டாவது பத்தியில் மாமல்லபுரத்தைப் போட்டுவிடுவேன். கடற்கரைக் கோயில், சிற்பங்கள், ஒருநாள் ஓய்வு, மீன் சாப்பாடு. ஓர் ஐரோப்பிய நாட்டு மேலாளர் மைதானத்தின் படத்தைக் கேட்பதற்கு முன்னால் கடற்கரையின் படத்தைக் கேட்டார். இந்திய ரக்பிக்குப் பல்லவ ராஜாக்கள் செய்த உதவியை எந்த மந்திரியும் செய்ததில்லை.

டூர் பிரிவின் கௌரவச் செயலாளர் சபேசன் சார். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ரக்பியைப் பற்றி என் அளவுக்கே அவருக்கும் தெரியும். ஆனால் அட்டவணை என்றால் என்ன என்பது தெரியும். ஆட்டம் நடக்கும்போது மைதானத்தைப் பார்க்க மாட்டார், கடிகாரத்தைப் பார்ப்பார். சரியான நேரத்துக்கு விசில் ஊதினால் அவருக்கு அந்த ஆட்டம் வெற்றி.

அவருடைய முறை ஒன்று உண்டு. அனுப்பப் போகும் கடிதத்தை நான் வரிவரியாக உரக்க வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் அவர் திருப்பிச் சொல்லுவார். "அணி வந்து இறங்கும் விமானம்..." என்பேன். "அணி வந்து இறங்கும் விமானம்..." என்பார், ஏதோ வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல. கீழே பிரியாணிக்குக் காத்திருப்பவர்கள் மேலே என்ன மதரஸா நடக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். அணு உலையில் ஒருவன் வாசித்ததை இன்னொருவன் திருப்பிச் சொல்லாமல் ஒரு திருகைக்கூடத் தொட மாட்டார்களாம். ரக்பியில் அப்படி என்ன வெடித்துவிடும் என்று நான் கேட்டதில்லை. கேட்கிற ஆள் நான் இல்லை.

தப்பு நடந்தால் திட்ட மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, "சரி. இது எந்த வாசல் வழியா உள்ள வந்தது?" என்று கேட்பார். வாசலைக் கண்டுபிடித்து அதற்கு ஒரு விதி எழுதிப் பூட்டுவார். நான் சேர்ந்து சில வருடங்களில் நாற்பத்தொரு விதிகள் இருந்தன. பாதிக்கு மேல் என்னால் உண்டானவை.

அவற்றில் இருபத்தேழாவது விதியைச் சொல்ல வேண்டும். ஒருமுறை, ஒரு கடிதத்தில் தேதியும் கிழமையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போட்டுவிட்டேன். நாங்கள் தேதியைப் பார்த்து ஏர்போர்ட்டுக்குப் பஸ் அனுப்பினோம். வந்தவர்கள் கிழமையைப் பார்த்து மறுநாள் இறங்கினார்கள். வரவேற்புப் பதாகை கட்டிய காலிப் பஸ் ஒரு நாள் முழுக்க மீனம்பாக்கத்தில் நின்றது. சபேசன் சார் வாசலைக் கண்டுபிடித்தார். "ஒரே விஷயத்தை ரெண்டு விதமா சொன்னா ரெண்டும் சண்டை போடும் காதர். இனிமே கடிதத்துல தேதி மட்டும். கிழமை வேண்டாம்."

அதுதான் இருபத்தேழு. நல்ல விதி. பல வருடம் எந்தச் சண்டையும் வரவில்லை.

இனி ஸ்டெல்லாவுக்கு வருகிறேன்.

ஸ்டெல்லா எங்கள் ஊர்ப் பெண். அம்மா பிலோமினா அக்கா, கோவளம் கரையில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். ஸ்டெல்லா நாவலூரில் ஓர் ஐ.டி. கம்பெனி வாசலில் பைகளைச் சோதிக்கும் செக்யூரிட்டி வேலையில் இருந்தாள். சாயங்காலம் ரக்பி. ஓடினால் பிடிக்க முடியாது என்பார்கள். பெண்கள் தேசிய அணிக்குக் கூடுதல் ஆளாகப் பெயர் வந்திருந்தது. ஆனால் ஒரு சர்வதேச ஆட்டத்திலும் களம் இறங்கியதில்லை.

அந்த வருடம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலைக்கு அவள் விண்ணப்பித்தாள். நாட்டுக்காக ஓர் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அணியோடு பயணம் போனது, பெஞ்சில் உட்கார்ந்தது எதுவும் கணக்கில் வராது. கோட்டுக்குள் கால் வைக்க வேண்டும். அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். கோவளத்திலிருந்து கேளம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போது ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பாய், என்ன ஆட வுட்ருவாங்களா?"

"ஆள் எடுக்கறது என் வேலை இல்லம்மா."

"தேதி வெக்கிறது உங்க வேலதான? அப்ளிகேஷன் கடைசி நாளுக்கு முன்னால வெச்சிகினா போதும். மத்தத நான் பாத்துக்கறேன்."

ஆட்டோவில் இருந்த மற்ற ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

அந்தப் பருவத்துக்கு ஒரு தீவு நாட்டின் பெண்கள் அணி எங்களுக்கு ஒத்து வந்தது. நாட்டின் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எனக்குப் பண்டிகை வாழ்த்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு டெஸ்ட், அதாவது அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம். முதலாவது செவ்வாய். இடையில் நான்கு முழு நாள் ஓய்வு தர வேண்டும் என்று விதி, அதனால் இரண்டாவது ஞாயிறு. ஸ்டெல்லாவின் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மறுநாள் திங்கள். இரண்டு ஆட்டத்தில் ஒன்றிலாவது இறங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

விடுமுறைச் சரிபார்ப்பும் செய்தேன். அவர்கள் பண்டிகை, நம் பண்டிகை, கல்லூரித் தேர்வு எல்லாம் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை எந்தக் கூட்டமும் வைக்காமல் என் தொழுகைக்கும் இடம் விட்டேன். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. எங்கள் சுவரில் தொங்கிய பிரியாணிக் கடைக் காலண்டரில் சிவப்பாக இருந்த நாளெல்லாம் எங்களுக்கு ஆட்ட நாள். மைதானம் சும்மா இருக்கும், ஜனம் வரும், ஓ.எம்.ஆர். சாலை காலியாக இருக்கும். இரண்டாவது ஆட்டத்தின் தேதியை நான் உரக்க வாசித்தேன். சார் திருப்பிச் சொன்னார். இரண்டு வாய் வழியாகப் போன தேதி, ஒரு மண்டையிலும் கேள்வியாக மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் ஸ்டெல்லா பெஞ்சில் இருந்தாள். கோட்டுக்கு வெளியே மூன்று ஆட்டத்துக்கு வேண்டிய ஓட்டம் ஓடினாள். கடைசிப் பத்து நிமிடத்தில் இறக்குவதாக இருந்தார்கள், அதற்குள் களத்தில் வேறு இடத்தில் ஆடிய பெண்ணுக்குக் கால் பிசகி, அந்த இடத்துக்குப் பழகிய ஆள் இறங்க வேண்டியதாயிற்று. ஆட்டம் முடிந்ததும் கோச் அவளிடம், "ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட்டே நீதான்" என்றார். அவள் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினாள்.

புதன்கிழமை ஓய்வு நாள். கடிதத்தில் எழுதியபடி விருந்தாளிகளை மாமல்லபுரம் கூட்டிப் போனேன். வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு அடியில் நின்று எல்லாரும் தள்ளுவது போலப் படம் எடுத்துக்கொள்வார்கள் இல்லையா? இவர்களில் எட்டு பேர் தோளோடு தோள் கோத்து, தலையைக் குனிந்து, காலை ஊன்றி, ஆட்டத்தில் முட்டித் தள்ளுவதைப் போல நிஜமாகவே தள்ளினார்கள். காவலாளி விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார்.

"யம்மா! யம்மா! வேணாம்மா! இம்மாம் வருசம் நின்னுகினு கீது, நெஜமாவே உருண்டுடப் போவுது! யோவ், கைடு, சொல்லுய்யா!"

கைடு என்றது என்னை. நான் சொல்வதற்குள் அவர்களே சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போதுதான் அந்த அணியின் மேலாளர் என்னிடம் வந்தார். பெயர் நீளம், நாங்கள் மேனேஜரம்மா என்றே சொல்லுவோம். அவர்கள் ஊர்த் தேவாலயத்தில் பாடகர் குழுவுக்கும் அவர்தான் தலைவி. கையில் நான் லேமினேட் செய்து கொடுத்த அட்டவணை.

"மிஸ்டர் காதர், இரண்டாவது ஆட்டம் என்ன கிழமை?"

"ஞாயிறு."

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்திருக்கிறார். அவருக்கு மகிழ்ச்சி போலிருக்கிறது என்று நானும் சிரித்தேன். இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்துக்காகக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு நின்றோம். அவர்தான் முதலில் நிறுத்தினார்.

"ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆட மாட்டோம்."

"யாருக்காவது அடிபட்டிருக்கிறதா?"

"இல்லை. ஞாயிற்றுக்கிழமை." அதுவே முழு விளக்கம் என்பது போலச் சொன்னார். "அன்றைக்கு எங்கள் ஊரில் பந்து வீட்டை விட்டு வெளியே வராது. எங்களைக் கூப்பிடுகிற எல்லாரும் முதல் கடிதத்திலேயே இதைக் கேட்பார்கள். நீங்கள் கேட்கவில்லை. தெரிந்துதான் வைத்திருப்பீர்கள் என்று நினைத்தோம். தேதியை மட்டும் பார்த்து ஒப்புக்கொண்டோம்."

பாறை அப்போதே உருண்டு வந்திருந்தால் நான் நகர்ந்திருக்க மாட்டேன்.

அலுவலகம் திரும்பி சபேசன் சாரிடம் சொன்னேன். கண்ணை மூடினார்.

"எந்த வாசல்?"

"இருபத்தேழு, சார்."

அவர் வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. அது அவர் போட்ட விதி. கிழமை எழுதியிருந்தால் முதல் கடிதத்திலேயே அந்த அம்மா சிரித்திருப்பார், அங்கேயே முடிந்திருக்கும்.

சனிக்கிழமை வைக்கலாமா என்றால் ஓய்வு ஒரு நாள் குறைகிறது. அதோடு மைதானம் ஒரு கல்லூரியுடையது, அன்றைக்கு அதை ஒட்டிய கட்டடத்தில் தேர்வு. திங்கள் மதியம் பன்னிரண்டரைக்கு விருந்தாளிகளுக்கு விமானம். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டோம். அவர்கள் ஒரு நிமிடம்கூட வருந்தவில்லை. முதல் ஆட்டத்தில் வாங்கிய அடியே போதும் என்ற நினைப்பு குரலில் தெரிந்தது. "ரத்து பண்ணிடுங்க. அன்னைக்கு ஒரு கலை நிகழ்ச்சி வெச்சிடுங்க" என்றார்கள். நம் நாட்டில் எந்தத் தப்பையும் மூடுவதற்குக் கலை நிகழ்ச்சி இருக்கிறது.

ஸ்டெல்லாவுக்கு யார் சொல்வது என்ற கேள்வியே எழவில்லை. அவளே அம்மாவோடு மாடிப்படி ஏறி வந்தாள். விஷயம் அணி முழுக்கப் பரவியிருந்தது.

"இன்னா பாய் கேக்கறதெல்லாம்? மேட்ச்சு இல்லியாமே?"

நான் அட்டவணையை எடுத்து அவள் பக்கம் நீட்டினேன்.

"தேதி வெக்கிறது உங்க வேலன்னு சொன்னேன்ல? நான் இன்னா வேல கேட்டனா, துட்டு கேட்டனா? ஒரு தேதி கேட்டேன். ஒரே ஒரு தேதி."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

பிலோமினா அக்கா நடுவில் புகுந்தார். "ஏன் ஆட மாட்டாங்களாம்?"

சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம ஆட மாட்டாங்களா? நல்ல பொண்ணுங்க. நீயும் இருக்கியே, ஆறு மணி பூசையில ஒக்காந்து தூங்கிகினு." மகளை ஒரு இடி இடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சரி, ஞாயிறு முடிஞ்சா திங்கதான? அவங்க பிளேனு எத்தினி மணிக்கு?"

"பன்னெண்டரை."

"காத்தால ஆறு மணிக்கு வைங்க. அதுக்குள்ள நாங்க ஏலமே முடிச்சி வூட்டுக்குப் பூடுவோம். ஒன்றரை மணி நேர ஆட்டத்துக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?"

நானும் சபேசன் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலை ஆறு மணிக்கு டெஸ்ட் ஆட்டம் நடந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. சார் ரக்பி விதிப் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை விரலை வைத்துப் பார்த்தார். அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பிலோமினா அக்கா கீழே போய்ப் பிரியாணிக்காரரிடம் மீன் விலை பேசிவிட்டு வந்துவிட்டார்.

"எத்தனை மணிக்குத் தொடங்கணும்னு எங்கயும் இல்லை" என்றார் சார். "ரெண்டு அணியும் ஒப்புக்கிட்டா போதும்."

மேனேஜரம்மாவிடம் கேட்டோம். "திங்கட்கிழமை என்று தெரிந்துவிட்டால் போதும், எத்தனை மணி என்று எனக்குக் கவலை இல்லை" என்றார். நடுவருக்கு ஞாயிறு மாலையே விமானம். பழைய டிராவல் ஏஜென்சிக்குப் போய் நானே உட்கார்ந்து டிக்கெட்டை மாற்றினேன். என் வாழ்க்கையில் நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். கல்லூரி முதல்வர், ஒன்பது மணிக்குள் மைதானத்தைக் காலி செய்து கொடுத்தால் சரி என்றார். தலைமை அலுவலகம் 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு வரி அனுப்பியது. திருத்திய அட்டவணை அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடிய பிறகு வரும் என்றது.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் கோவளம் தேவாலயத்துக்கு வந்தார்கள். தெருவில் நின்று கேட்டேன். இருபத்தாறு பெண்கள் நான்கு குரலாகப் பிரிந்து பாடியபோது, எதிர் டீக்கடையில் பாய்மார்கள் ரேடியோவை நிறுத்தினார்கள். மதியம் பிலோமினா அக்கா வீட்டில் வஞ்சிரம் வறுவல். மறுநாள் தன் மகளை யார் இடித்துத் தள்ளப் போகிறார்களோ அவர்களுக்கே பார்த்துப் பார்த்துப் போட்டார்.

திங்கள் காலை ஐந்தேமுக்காலுக்கு நடுவர் தயார், இரண்டு அணியும் தயார், கோவளத்திலிருந்து வேன் பிடித்து வந்த இருநூறு பேர் தயார். காலிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் மட்டும் வரவில்லை. ஆம்புலன்ஸ் இல்லாமல் விசில் ஊதக்கூடாது என்பது சாரின் ஒன்பதாவது விதி. ஆறு பத்து. ஆறு இருபது. டிரைவர் திருப்போரூர்க் கூட்டுரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு மைதானம் போய்விடும், அதற்கு மேல் தாமதித்தால் விமானமும் போய்விடும். ஸ்டெல்லா கோட்டுக்கு அருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சார் கடிகாரத்தைப் பார்த்தார். ஊதச் சொல்லுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நல்ல வேளை, எனக்குப் பேச்சு வராது. ஆறு இருபத்தெட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்தது.

ஸ்டெல்லா நான்கு நிமிடம் ஆடினாள். நான்காவது நிமிடத்தில் அந்த அணியின் ஆகப் பெரிய பெண் பந்தோடு ஓடி வர, இவள் குறுக்கே பாய்ந்து காலைப் பிடித்தாள். அந்தப் பெண் விழுந்தாள், இவள்மேல். கூடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. டாக்டர் ஓடிப்போய்க் கண்ணைத் திறந்து பார்த்துக் கேட்டார்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"ஞாயித்துக்கெழம" என்றாள் ஸ்டெல்லா.

டாக்டர் முகம் மாறியது. நான் பக்கத்தில் போய், "டாக்டர், அட்டவணையில அப்படித்தான் இருக்கு. நாங்கதான்..." என்றேன்.

"நீங்க யாரு? உங்களுக்கும் அடிபட்டுச்சா?"

அவளை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஆட்டம் தொடர்ந்தது. தோற்றோம். எவ்வளவு என்று கேட்காதீர்கள், அது என் பிரிவு இல்லை. பேருந்தில் ஏறும்முன் அந்தப் பெரிய பெண் ஸ்டெல்லாவைத் தேடி வந்து நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். சபேசன் சார் அவள் ஆடியதற்கான சான்றிதழில் அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டார். டாக்டர், முதலில் ஸ்கேன், பிறகுதான் மற்றது என்றார். நான், சார், ஸ்டெல்லா மூவரும் ஒரு காரில் செங்கல்பட்டு போனோம். அரசு மருத்துவமனையில் வரிசை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொல்லும்போது மணி மூன்றரை. அதே ஊரில் இருந்த விளையாட்டு அலுவலகத்தில் ஐந்து மணிக்குள் சான்றிதழைக் காட்டி முத்திரை வாங்கி, விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

அந்த அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக ஸ்டெல்லாவைப் பார்த்தார். புடைத்த கண், சேறு காய்ந்த ஜெர்சி.

"ஏம்மா, வூட்ல எதுனா தகராறா?"

"இல்ல மேடம். வெளையாண்டேன்."

காகிதங்களைப் புரட்டினார். நிறுத்தினார்.

"டூர் அட்டவணையில ரெண்டாவது மேட்ச்சு நேத்து தேதி. சர்டிபிகேட்ல இன்னிக்கித் தேதி. எதுங்க நெஜம்?"

"இன்னிக்கி" என்றாள் ஸ்டெல்லா.

"திங்கக்கெழம காத்தால எந்த ஊர்ல இன்டர்நேஷனல் மேட்ச்சு நடக்குது? அந்த டீமு எங்க?"

"பிளேன் ஏறிட்டாங்க மேடம்."

"அதான பாத்தேன். பேப்பர்ல வந்துதா?"

காலை ஆறு மணிக்கு எந்த நிருபரும் எழுந்திருக்கவில்லை. சபேசன் சார் முன்னால் வந்தார். "மேடம், விதிப்படி இரு அணியும் ஒப்புக்கொண்டால்..."

"சார், விதிய எனக்கும் குடுத்துருக்காங்க. தேதி மாறுனா திருத்துன அட்டவணை வேணும். கொண்டாங்க, போட்டுர்றேன்."

அது அடுத்த வாரம் வரும். ஸ்டெல்லா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் நான்கு ஐந்து. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் வந்திருக்காது.

"மேடம், தப்பு என்னுது."

"எது?"

"தேதி வெச்சது நான். அவங்க ஞாயித்துக்கிழமை ஆட மாட்டாங்க. நான் கேக்கல. நாம ஞாயித்துக்கிழமைன்னா லீவு, ஆடலாம்னு நெனைக்கிறோம். அவங்க ஞாயித்துக்கிழமைன்னா ஆடவே கூடாதுன்னு நெனைக்கிறாங்க. அது எனக்குத் தோணல. அதனால திங்கக்கிழமைக்கு மாறிச்சு. இந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணேன்."

என் வாழ்நாளில் ஓர் அந்நியரிடம் நின்று பேசிய மிக நீளமான பேச்சு அது. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினார்.

"ஏ கலா, இங்க வாயேன். இந்த பாய் தப்பு என்னுதுன்றாரு."

கலா என்பவர் நிஜமாகவே எழுந்து வந்து பார்த்தார்.

"இருவத்தி ரெண்டு வருசமா இந்தச் சீட்ல ஒக்காந்துருக்கேன். கம்ப்யூட்டர் தப்புன்னுருக்காங்க, தபால் தப்புன்னுருக்காங்க, நாந்தான் தப்புன்னுருக்காங்க. இத ஒருத்தர் சொல்லி இப்பதான் கேக்குறேன்." ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். "அத அப்பிடியே எழுதிக் குடுங்க. ஏன் மாறிச்சு, யாரால மாறிச்சு. கெழமையோட எழுதுங்க."

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். எழுத்து என்றால் எனக்குப் பயமில்லை. முடித்ததும் பழக்கத்தில் உரக்க வாசித்தேன். சாரும் பழக்கத்தில் திருப்பிச் சொன்னார். "தவறு முழுவதும் என்னுடையது" என்று நான் வாசிக்க, "தவறு முழுவதும் என்னுடையது" என்றார். அந்த இடத்தில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் நிதானமாக வந்தது. ஸ்டெல்லா ஒரு கண்ணைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

கையெழுத்துப் போட சார் பேனாவை எடுத்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நீங்க இல்ல சார். தப்பு பண்ணவரு போடட்டும்."

போட்டேன். நான்கே முக்காலுக்கு முத்திரை விழுந்தது.

அத்தனை வருடத்தில் எத்தனையோ நாடுகளுக்கு எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் செயலாளர் கையெழுத்துதான், என் பெயர் எதிலும் இராது. என் பெயரும் கையெழுத்தும் சேர்ந்து இருக்கிற காகிதம் அது ஒன்றுதான். ஸ்டெல்லாவுக்கு வேலை கிடைத்தது. சான்றிதழோடு அந்தக் காகிதமும் அவளுடைய பணிப் பதிவேட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. மேலதிகாரி மாறும்போதெல்லாம் புதிதாக வருகிறவர் அதை எடுத்துப் படித்துவிட்டு அவளைக் கூப்பிடுவாராம்.

"யாரும்மா இந்த காதர்?"

"எங்க ஊரு பாய் சார். எனக்குத் தேதி வெச்சவரு" என்பாளாம்.